டகோட்டா ரீபெயின்ட்: எந்தக் கோளாறுக்கு எங்கே பார்ப்பது

கோவை பீளமேடு விமான நிலையத்தில் ஒரு டகோட்டாவின் ஏணிக்குப் பக்கத்தில் எங்கள் அப்புச்சி நிற்கும் படம் ஒன்று வீட்டில் இருக்கிறது. 1960-களில் எடுத்த கருப்பு வெள்ளைப் படம். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, பின்னால் இந்தியன் ஏர்லைன்ஸ் விமானத்தின் திறந்த கதவு. அந்த விமானத்தை அப்படியே கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் சிமுலேட்டரில் கொண்டுவந்து, பீளமேட்டில் ஏற்றி, பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கொச்சியில் இறக்க வேண்டும் என்ற ஆசையில்தான் ரீபெயின்ட், அதாவது சிமுலேட்டர் விமானத்தின்மேல் போர்த்தும் படங்களை நாமே புதிதாக வரையும் வேலை, பழகினேன்.

திருப்பூரில் பிரிண்டிங் பட்டறையில் டிசைன் பிரிப்பது எனக்கு வேலை. பனியன் துணியில் பிரிண்ட் தப்பாக விழுந்தால் உடனே டிசைனைத் திருத்த உட்கார மாட்டோம். ஸ்கிரீனா, சாயமா, டேபிளா என்று முதலில் பார்ப்போம். ரீபெயின்டும் அதே கதைதான். பெயின்ட் சரியாகவே இருக்கும். அதைச் சிமுலேட்டருக்குக் கொண்டுபோகும் வழியில் எங்கோ பிசகியிருக்கும். பலர் இது தெரியாமல் நல்ல பெயின்டை மறுபடி மறுபடி அழித்து வரைகிறார்கள். அதனால் கண்ணுக்குத் தெரியும் அறிகுறியில் தொடங்கி, எந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று எழுதுகிறேன்.

நான் பயன்படுத்துவது மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் எக்ஸ், அதாவது எஃப்எஸ்எக்ஸ். 2006-ல் வந்தது, பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும், அதிலேயே டிசி-3, அதாவது டகோட்டா, இருக்கிறது. மைக்ரோசாஃப்டின் 2020 சிமுலேட்டருக்குத் தேவையானதைக் கடைசிப் பக்கமாகச் சொல்கிறேன். எதைத் தொடுவதற்கு முன்னாலும் விமானத்தின் ஃபோல்டரை முழுசாக வேறு டிரைவில் காப்பி எடுத்து வையுங்கள்.

பட்டியலில் என் விமானமே இல்லை

விமானம் தேர்ந்தெடுக்கும் திரையில் எல்லா வேரியேஷனையும் காட்டு என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் டிக் இல்லாவிட்டால் ஒரு மாடலுக்கு ஒரு பெயின்ட்தான் தெரியும். முதலில் அதைப் பாருங்கள்.

அதுவும் சரி என்றால் விமானத்தின் ஃபோல்டரில் இருக்கும் ஏர்கிராஃப்ட் சிஎஃப்ஜி (aircraft.cfg) என்ற அமைப்புக் கோப்பைத் திறங்கள். ஒவ்வொரு பெயின்டுக்கும் ஃபிளைட்சிம் என்று ஒரு பகுதி இருக்கும். எண் 0-வில் தொடங்கி வரிசையாகப் போகும். 0, 1, 2 இருந்து அடுத்ததாக 4 என்று போட்டிருந்தால் சிமுலேட்டர் 2-லேயே நின்றுவிடும். மேலே இருந்த பகுதியைக் காப்பி எடுத்து ஒட்டியவர்கள் எண்ணை மாற்றுவார்கள், டைட்டில் வரியை மறந்துவிடுவார்கள். ஒரே டைட்டில் இரண்டு இடத்தில் இருக்கக் கூடாது.

இன்னொன்று விண்டோஸ் செய்யும் வேலை. சிமுலேட்டர் ப்ரோக்ராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள் இருந்தால், சில பழைய எடிட்டர்களில் திருத்திச் சேமித்தது நிஜக் கோப்பில் ஏறாமல் விர்ச்சுவல் ஸ்டோர் என்ற மறைவிடத்துக்குப் போய்விடலாம். நோட்பேட் பெயரின் கடைசியில் .txt என்று தானாகச் சேர்த்துவிடுவதும் உண்டு. கோப்பின் நீட்டிப்பு தெரியும்படி விண்டோஸை மாற்றி வைத்துக்கொண்டால் இது உடனே கண்ணில் படும்.

பெயர் வருகிறது, ஆனால் விமானம் பழைய பெயின்டிலேயே இருக்கிறது, அல்லது கறுப்பாக இருக்கிறது

இங்கேதான் நிறச் சோதனை. டெக்ஸ்சர் ஃபோல்டரில், அதாவது விமானத்தின்மேல் போர்த்தும் படங்கள் இருக்கும் ஃபோல்டரில், உள்ள உடல், சிறகு, வால் கோப்புகள் ஒவ்வொன்றிலும் ஒரு அடாவடி நிறத்தை முழுக்க ஊற்றுங்கள். ஒன்றில் ரோஸ், ஒன்றில் கிளிப்பச்சை, ஒன்றில் மஞ்சள். சிமுலேட்டரில் திறந்து பாருங்கள். நிறம் வந்தால் சிமுலேட்டர் உங்கள் ஃபோல்டரைப் படிக்கிறது. எந்தக் கோப்பு எந்த உறுப்புக்கு என்பதும் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். வராவிட்டால் பெயின்டில் ஒரு குற்றமும் இல்லை. சிஎஃப்ஜியில் டெக்ஸ்சர் வரியில் எழுதியிருக்கும் பெயரும், ஃபோல்டரில் புள்ளிக்குப் பின்னால் வரும் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா பாருங்கள்.

உடல் மட்டும் நன்றாக வந்து புரொப்பெல்லரும் சக்கரமும் கறுத்திருந்தால், அந்தக் கோப்புகள் உங்கள் ஃபோல்டரில் இல்லை. டெக்ஸ்சர் சிஎஃப்ஜி என்ற சின்னக் கோப்பு, இங்கே இல்லாததை எங்கே தேட வேண்டும் என்று சிமுலேட்டருக்குச் சொல்லும். மூல ஃபோல்டரிலிருந்து அதை எடுத்துப் போடுங்கள். படத்தின் நீள அகலம் 1024, 2048, 4096 என்று இரட்டித்துக்கொண்டே போகும் வரிசையில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஓரம் வெட்டி 2000 என்று சேமித்த படம் சரியாக வராது.

எழுத்து தலைகீழாக, அல்லது கண்ணாடியில் பார்ப்பதுபோல

முழு விமானத்திலும் பெயின்ட் தாறுமாறாக, சிறகின் கோடு வயிற்றில் வந்தால், டிடிஎஸ் (DDS) என்ற வடிவத்தில் இருக்கும் படக் கோப்பை மேல்கீழாகத் திருப்பாமல் சேமித்திருக்கிறீர்கள். எஃப்எஸ்எக்ஸுக்கு டிடிஎஸ் படம் செங்குத்தாகக் கவிழ்ந்திருக்க வேண்டும். டிஎக்ஸ்டி பிஎம்பி (DXTBmp) போன்ற கருவி இதைத் தானே செய்துகொள்ளும். ஜிம்ப் என்ற வரையும் மென்பொருளில் வரைபவர்கள் ஏற்றுமதி செய்யும் முன் தாங்களே திருப்ப வேண்டும்.

ஒரு பக்கம் எழுத்து நேராகவும் மறுபக்கம் இடவலம் மாறியும் வந்தால் அது மாடலின் குணம். சில இலவச மாடல்களில் உடலின் இரண்டு பக்கத்துக்கும் ஒரே படத்தைத்தான் போர்த்தியிருப்பார்கள். பெயின்டில் இதற்கு மருந்து கிடையாது. இரண்டு பக்கத்தையும் தனித்தனியாகப் பிரித்த மாடலுக்கு மாறுங்கள். மல்லுக்கட்டி நேரத்தை வீணாக்காதீர்கள்.

சிறகில் பதிவெழுத்து, அதாவது விமானத்தின் பதிவு எண், எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்ற குழப்பமும் வரும். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 1949 விதிப்படி இடச்சிறகின் அடியில், எழுத்தின் தலை சிறகின் முன்விளிம்பைப் பார்த்து இருக்க வேண்டும். உயரம் 50 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. உடலிலோ வாலிலோ என்றால் 30 சென்டிமீட்டர்.

கோடு கதவருகே உடைகிறது

ரீபெயின்டில் நான் அதிக ராத்திரிகளைச் செலவழித்தது இந்த ஒரு கோளாறில்தான். ஜன்னல் வரிசையை ஒட்டி மூக்கிலிருந்து வால்வரை ஓடும் கோடு, உடலின் முன்பாதிப் படமும் பின்பாதிப் படமும் சேரும் இடத்தில் ஒரு விரல்கடை ஏறியோ இறங்கியோ நிற்கும். கண்ணளவில் ஒரு பிக்சல் ஏற்றுவோம், பார்ப்போம், ஒரு பிக்சல் இறக்குவோம். விடிந்துவிடும்.

ஸ்கிரீன் பிரிண்டிங்கில் நாலு நிறமும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக விழ, ஒவ்வொரு ஸ்கிரீனின் மூலையிலும் கூட்டல்குறி போட்டு வைப்போம். ரிஜிஸ்டர் மார்க் என்போம். அதையே இங்கேயும் செய்தேன். பெயின்டுக்கு மேலே ஒரு தனி லேயரில் 64 பிக்சலுக்கு ஒரு கிடைக்கோடு போட்டு, ஒவ்வொன்றுக்கும் எண் எழுதினேன். விமானத்தைப் பக்கவாட்டிலிருந்து நெருங்கிப் பார்த்து, இணையும் இடத்தில் எந்த எண் எந்த எண்ணோடு சேர்கிறது என்று ஒரு தாளில் குறித்தேன். முன்பாதியில் 9-ஆம் கோடு நிற்கும் உயரத்தில் பின்பாதியின் 8-ஆம் கோடு கொஞ்சம் மேலே இருந்தது. இரண்டு படத்துக்கும் அளவு விகிதமே வேறு என்பது அப்போதுதான் புரிந்தது. அதற்குப் பிறகு கணக்குத்தான். கோட்டின் மேல்விளிம்பும் கீழ்விளிம்பும் பின்பாதியில் எந்தப் பிக்சலில் வர வேண்டும் என்று கணக்கிட்டு வரைந்தேன். ஒரே தடவையில் உட்கார்ந்தது.

மூக்குப் பக்கம் கோடு தொங்கினால் காரணம் வேறு. பக்கவாட்டிலிருந்து போர்த்திய படம், உடல் வளையும் இடத்தில் இழுபடும். அங்கே கோட்டை எதிர்ப்பக்கமாக வளைத்து வரைய வேண்டும். இதற்கும் அதே கட்டக் கோடுகள்தான் உதவும். இந்தமுறை நெடுக்குக் கோடும் போட்டுக்கொள்ளுங்கள்.

கதவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். டிசி-3 எல்லாம் ஒன்றல்ல. இரண்டாம் உலகப் போருக்கு முந்திய சில பயணிகள் விமானங்களில் கதவு வலப்பக்கம் இருந்தது. போருக்குப் பிறகு இந்தியாவில் பறந்த டகோட்டாக்களில் பல, ராணுவத்தின் சி-47 ஆகப் பிறந்தவை. அவற்றுக்கு இடப்பக்கம் பின்னால் அகலமான சரக்குக் கதவு. 1953-ல் தனியார் விமானக் கம்பெனிகளை நாட்டுடைமை ஆக்கி இந்தியன் ஏர்லைன்ஸ் தொடங்கியபோது அதன் கைக்கு வந்த விமானங்களில் பெரும்பங்கு டகோட்டாதான். அப்புச்சி படத்தில் ஏணி இடப்பக்கம் இருக்கிறது. அவருக்குப் பின்னால் அந்த அகலக் கதவின் சட்டம் தெளிவாகத் தெரிகிறது. மாடலின் கதவும் படத்தின் கதவும் வேறாக இருந்தால் கோடு எத்தனை கச்சிதமாக வந்தாலும் விமானம் பொய் சொல்லும். பெயின்ட் தொடங்கும் முன்பே இதைப் பார்த்துவிடுங்கள்.

அளவு தெரிந்துகொள்வதும் நல்லது. டிசி-3 உடல் நீளம் கிட்டத்தட்ட 19.7 மீட்டர். அது முழுக்க 2048 பிக்சலில் அடங்கினால் ஒரு பிக்சல் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். நிஜத்தில் இரண்டரை சென்டிமீட்டர் அகலமுள்ள மெல்லிய கரை உங்களுக்கு இரண்டு மூன்று பிக்சல்தான். அதற்குள் நேர்த்தி காட்ட முடியாது. நேர்த்தி வேண்டும் என்றால் 4096 எடுங்கள்.

உலோகம் எவர்சில்வர் மாதிரி மின்னுகிறது, அல்லது செத்த சாம்பலாகக் கிடக்கிறது

டகோட்டாவின் அழகே அந்தப் பெயின்ட் அடிக்காத அலுமினியம். புது எவர்சில்வர் தூக்குப்போசி மாதிரி முகம் தெரியக் கூடாது. நாலு வருஷம் புளி போட்டுத் தேய்த்த அலுமினியப் போசி மாதிரி மங்கலாக ஒளிர வேண்டும்.

எஃப்எஸ்எக்ஸின் பெரும்பாலான மாடல்களில் பளபளப்பு இருப்பது படத்தின் நிறத்தில் அல்ல, ஆல்ஃபா சேனலில், அதாவது சிவப்பு, பச்சை, நீலத்தோடு படத்துக்குள் இருக்கும் நாலாவது கருப்பு வெள்ளை அடுக்கில். ஆல்ஃபா கறுக்கக் கறுக்கக் கண்ணாடி. வெளுக்க வெளுக்க மங்கல். விமானம் முழுக்கச் செத்துப்போனால் கோப்பை டிஎக்ஸ்டி1 (DXT1) என்ற அமுக்க முறையில் சேமித்திருப்பீர்கள். அதில் படிப்படியான ஆல்ஃபாவுக்கு இடமில்லை. டிஎக்ஸ்டி5 ஆகச் சேமித்துப் பாருங்கள். முழுக்கக் கண்ணாடியானால் ஆல்ஃபா கறுப்பாகிவிட்டது. சில மாடல்களில் ஸ்பெக் என்று முடியும் தனிக் கோப்பும் பளபளப்பைத் தீர்மானிக்கும், இரண்டையும் பாருங்கள்.

சேனல் சரியாக இருந்தும் விமானம் பொம்மை மாதிரி தெரிந்தால், ஆல்ஃபாவில் ஒரே சாம்பலை ஊற்றியிருக்கிறீர்கள். நிஜ விமானத்தில் ஒவ்வொரு தகடும் தனித்தனி. பக்கத்துத் தகடோடு ஒரு பொடி வித்தியாசம் இருக்கும். தகட்டுக்குத் தகடு ஆல்ஃபாவை நாலைந்து புள்ளி ஏற்றி இறக்குங்கள். அப்புறம் முக்கியமானது: டிசி-3-ன் சிறகிலும் வாலிலும் அசையும் உறுப்புகளான எய்லரான், எலிவேட்டர், ரட்டர் மூன்றும் உலோகம் அல்ல, துணி போர்த்தியவை. துணிமேல் வெள்ளிநிறப் பூச்சு. அவை தகடு மாதிரி மின்னவே கூடாது. அந்த இடங்களில் ஆல்ஃபாவை வெளுப்பாக்கினேன். சிறகின் பின்விளிம்பு மட்டும் சட்டென்று மங்கி, மற்ற இடம் ஒளிர்ந்தபோது, அந்த விமானம் முதல்முறையாக நிஜமாக நின்றது.

நிறம் ஒத்துவரவில்லை

திருப்பூரில் இருப்பவர்களுக்கு ஷேடு சண்டை புதிதல்ல. சோதனைக்குச் சாயமேற்றிய லேப் டிப் துண்டு ஒன்று சொல்லும், மொத்தமாகச் சாயமேற்றிய பல்க் ஒன்று சொல்லும். லைட் பாக்ஸில் டி65 பகல் வெளிச்சத்தில் ஒத்துப்போன துணி, கடை டியூப்லைட் வெளிச்சத்தில் வேறாகத் தெரியும். அதனால் சிமுலேட்டரில் நிறத்தை ஒரே நேரத்தில் வைத்து முடிவு கட்டாதீர்கள். பீளமேட்டில் ரன்வே 23-ன் தொடக்கத்தில் விமானத்தை நிறுத்துங்கள். காலையில் இடப்பக்கம் வெயில் விழும், மாலையில் வலப்பக்கம். மேகமில்லாத வானம் வைத்துக் காலை, உச்சி, மாலை மூன்றிலும் பாருங்கள். உச்சியில் மட்டும் சரியாக இருந்து மாலையில் ஆரஞ்சு அப்பிக்கொண்டால் அது சிமுலேட்டரின் வெளிச்சம், விட்டுவிடுங்கள். மூன்றிலும் தப்பாக இருந்தால்தான் பெயின்டைத் தொட வேண்டும்.

கருப்பு வெள்ளைப் படத்தில் நிறம் கிடைக்காது, ஆனால் அடர்த்தி கிடைக்கும். அப்புச்சியின் வேட்டியை வெள்ளை என்றும், ஏணி அடியில் இருக்கும் நிழலைக் கறுப்பு என்றும் வைத்துப் படத்தைச் சமப்படுத்தினேன். இப்போது உடலில் ஓடும் கோடு எவ்வளவு அடர்த்தி என்று அளக்க முடிந்தது. நிறத்தைக் கலர்ப் படத்திலிருந்து எடுத்து, அடர்த்தியை இதோடு ஒப்பிட்டேன். பழைய கலர் பிரிண்டுகளைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். அவற்றில் நீலச்சாயம் பல சமயம் முதலில் வெளிறும். படம் முழுக்கச் செம்மை ஏறிவிடும். படத்துக்குள் யாராவது வெள்ளைச் சட்டையில் நின்றால் அதை வெள்ளையாக்கிவிட்டு, பிறகு விமானத்தின் நிறத்தை எடுங்கள்.

சிவப்புக் கோட்டின் ஓரம் சேறாக இருக்கிறது

டிஎக்ஸ்டி அமுக்கம் படத்தை 4-க்கு 4 பிக்சல் கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டு நிறத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும். மீதி எல்லாம் அந்த இரண்டுக்கும் நடுவில்தான். ஒரு கட்டத்துக்குள் சிவப்பு, வெள்ளை, அலுமினியச் சாம்பல் மூன்றும் வந்தால் ஒன்று செத்துப்போகும். கோட்டின் விளிம்பை 4-ன் மடங்கில் வரும் பிக்சலில் நிறுத்துங்கள்; பாதிச் சேறு போய்விடும். வளைவான இடத்தில் இது நடக்காது. அந்த ஒரு கோப்பை மட்டும் அமுக்காமல் 32 பிட்டாகச் சேமிக்கலாம்.

ஏற்கெனவே அமுக்கிய கோப்பைத் திறந்து திருத்தி மறுபடி அமுக்கினால் ஒவ்வொரு சுற்றிலும் சேறு கூடும். லேயரோடு இருக்கும் மூலக் கோப்பில் மட்டும் வேலை செய்யுங்கள்.

மங்கல், மினுக்கம், இரண்டு பதிவெழுத்து

கிட்டே போனாலும் எழுத்து மங்கலாக இருந்தால் மிப்மேப் (தூரத்தில் காட்டச் சிறிதாக்கி வைத்த பிரதிகள்) இல்லாமல் சேமித்துப் பாருங்கள். தூரத்தில் மினுமினுத்தால் மிப்மேப்போடு சேமியுங்கள். பெரிய படம் போட்டும் மங்கல் போகவில்லை என்றால், எஃப்எஸ்எக்ஸ் சிஎஃப்ஜி கோப்பில் டெக்ஸ்சர் மேக்ஸ் லோட் 1024-லேயே இருக்கும். 2048 அல்லது 4096 ஆக்குங்கள். சிமுலேட்டருக்குள் காட்சி அமைப்பை மாற்றினால் அது மறுபடி 1024-க்குப் போய்விடும்.

பதிவெழுத்து இரண்டு தடவை, ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிந்தால், சிஎஃப்ஜியில் இருக்கும் எழுத்தை மாடல் தானாக எழுதுகிறது. நீங்கள் வரைந்ததை எடுத்துவிடுங்கள், அல்லது தானியங்கி எழுத்தை நிறுத்துங்கள்.

ராத்திரியில் பழைய கம்பெனிப் பெயர் தெரிகிறது

கோபிச்செட்டிபாளையத்திலிருந்து ஒரு தம்பி இரவு பத்து மணிக்குப் போன் செய்தான். “ஏனுங்ணா, பகல்ல நல்லாத்தான் இருக்குதுங்க. பொழுது விழுந்ததும் பழைய பேரு மேல வந்து நிக்குதுங்களே.” எல்லாக் கோப்பையும் மூன்று தடவை அழித்து வரைந்துவிட்டானாம். “கண்ணு, பெயின்ட்டத் தொடாத. எல்எம்னு முடியற கோப்பு ஒண்ணு இருக்கும், தொறந்து பாரு” என்றேன். சிறிது நேரம் சத்தமில்லை. “இருக்குதுங்ணா, அதுல பழைய பேரு அப்படியே இருக்குதுங்க.”

ஜன்னல் வெளிச்சத்துக்கான அந்த இரவுக் கோப்பைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வெயில் சாய்ந்து விழும்போது மட்டும் பழைய எழுத்தின் நிழல் தெரிந்தால் அது ஸ்பெக் கோப்பில் இருக்கும்; எழுத்து புடைத்தது மாதிரி தெரிந்தால் பம்ப் கோப்பில். அங்கே போய் எழுத்தை மட்டும் துடைத்துவிட்டு, ஆணிவரிசையையும் தகட்டு இணைப்பையும் விட்டுவையுங்கள்.

2020 சிமுலேட்டரில் என்றால்

2022 நவம்பரில் வந்த 40-ஆம் ஆண்டுப் பதிப்பில் இதற்கும் டிசி-3 கிடைத்துவிட்டது. விமானம் பட்டியலில் வராததற்கு இங்கே முதல் காரணம் லேஅவுட் ஜேசன் கோப்பு. வெளியிலிருந்து சேர்ப்பவற்றுக்கான கம்யூனிட்டி ஃபோல்டரில் நீங்கள் போட்ட ஒவ்வொரு கோப்பும் அதில் பதிந்திருக்க வேண்டும். பதியாததைச் சிமுலேட்டர் எட்டிக்கூடப் பார்க்காது. ஒரு கோப்பைச் சேர்த்தாலும் மாற்றினாலும் அந்தப் பதிவைத் தானே எழுதித் தரும் லேஅவுட் ஜெனரேட்டரை மறுபடி ஓட்டுங்கள். ரோஸ் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் படம் கிடைக்கவில்லை என்று பொருள். மூல விமானம் எங்கே இருக்கிறது என்று காட்டும் பேஸ் கன்டெய்னர் வரியையும் டெக்ஸ்சர் சிஎஃப்ஜி பாதைகளையும் பாருங்கள்.

உலோகக் கணக்கும் மாறிவிடுகிறது. காம்ப் என்ற கோப்பில் சிவப்புச் சேனல் இடுக்கு நிழலுக்கு, பச்சை சொரசொரப்புக்கு, நீலம் உலோகத்தன்மைக்கு. அலுமினியம் பிளாஸ்டிக் மாதிரி தெரிந்தால் நீலம் கறுத்திருக்கிறது. பெயின்ட் அடித்த வெள்ளைக் கூரை தகரம் மாதிரி மின்னினால் அங்கே நீலம் வெளுத்திருக்கிறது. துணி போர்த்திய உறுப்புகளில் நீலத்தைக் கறுப்பாக்கிப் பச்சையை ஏற்றுங்கள். டிடிஎஸ்ஸை இங்கே கவிழ்க்க வேண்டியதில்லை.

பறந்துகொண்டிருக்கும்போது சிமுலேட்டர் மூடிக்கொள்கிறது

எஃப்எஸ்எக்ஸ் 32 பிட் நிரல். 4 ஜிபிக்கு மேல் நினைவகம் அதற்குக் கிடையாது. 4096 அளவுப் படம் அமுக்காமல் 64 எம்பி. டிஎக்ஸ்டி5 ஆனால் 16, டிஎக்ஸ்டி1 ஆனால் 8. மிப்மேப் சேர்த்தால் இன்னொரு மூன்றில் ஒரு பங்கு கூடும். சேறு பிடிக்காமல் இருக்கட்டும் என்று பத்துக் கோப்பையும் 32 பிட்டாகச் சேமித்தால் விமானம் மட்டும் 640 எம்பி தின்னும். நான் கோடு ஓடும் முன்பாதி உடலை மட்டும் 32 பிட்டாக விட்டேன். சிறகும் வயிறும் டிஎக்ஸ்டி5, சக்கரமும் உள்ளறையும் 1024. அதற்குப் பிறகு பீளமேட்டிலிருந்து கொச்சிவரை ஒரு தடவைகூட மூடவில்லை.